டவர் மீது போடும் பழி

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் கவரேஜ் எல்லோருக்கும் வேண்டும். டவர் மட்டும் நம்ம லயத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். இந்த இழுபறியில் ஊருக்குள் புழங்கும் கதைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

"டவருக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுக்குத்தான் கதிர் அதிகம்."

டவர் உச்சியில் நெட்டுக்குத்தாக மாட்டியிருக்கும் நீளப் பெட்டிகள்தான் அன்டெனா. அவை அலையைப் பக்கவாட்டில், லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகின்றன. டவரின் அடிவாரத்தில் விழுவது சொற்பம். ஆனால் மலைநாட்டில் ஒரு விசேஷம் உண்டு: எதிர்ச் சரிவில், அன்டெனாவின் மட்டத்துக்கே நிற்கும் மேல் லயத்துக்கு, கீழ் லயத்தைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அதுவும் தூரம் கூடக் கூட வேகமாகத் தேய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். வாய்ச்சண்டையைவிட அது மேல்.

"புற்றுநோய் வரும்" என்பதற்கு ஆதாரமாக 2011இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் செய்த வகைப்படுத்தலைக் காட்டுவார்கள். ரேடியோ அலையை அது வைத்தது '2பி' பிரிவில். சான்று குறைவு, ஆனாலும் அடியோடு தள்ளிவிட முடியாது என்பவற்றுக்கான பிரிவு அது. கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னர் அதே பிரிவில் சேர்ந்தது. டவரைப் பார்த்துப் பயப்படுகிறவர் காதில் ஒட்டிய போனை மறந்துவிடுகிறார். சிக்னல் மங்கிய இடத்தில் டவரை எட்டுவதற்காக போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். டவர் கிட்ட இருந்தால் அந்தப் பாடு குறையும்.

"கோல் எல்லாம் செட்டலைட் வழியாகப் போகிறது."

இல்லை. டவரில் தெரியும் வட்ட டிரம் வானத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த மலையிலுள்ள டவரைப் பார்க்கிறது. கோல் அப்படியே மலைக்கு மலை தாவி, ஃபைபர் கேபிள் வரும் இடத்தில் இறங்கிக் கொழும்புக்குப் போகிறது. கட்டாரில் இருக்கும் மகனோடு பேசுவதும் பெரும்பாலும் கடலடிக் கேபிள் வழியாகத்தான். அப்படியொன்று மாத்தறையில் கரையேறுகிறது. 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் என்ற செட்டலைட் இணையம் வேறு கதை.

"கோடு முழுசாக இருக்கிறது, நெட் ஓடவில்லை. டேட்டாவைத் திருடுகிறார்கள்."

கோடு காட்டுவது போனுக்கும் டவருக்கும் இடையிலுள்ள பலத்தை மட்டும். ஒரே டவரில் நாலைந்து டிவிஷன் சேர்ந்து இரவு எட்டு மணிக்கு வீடியோ பார்த்தால் வழி அடைத்துக்கொள்ளும். கனமழையில் அந்த டிரம்களுக்கிடையே போகும் உயர் அதிர்வெண் அலையும் பலம் இழக்கும்.

"கரண்ட் போனால் கம்பெனியே சிக்னலை நிறுத்திவிடுகிறது."

டவரின் காலடியில், கம்பி வேலிக்குள் நிற்கும் அலுமாரியைப் பாருங்கள். உள்ளே 48 வோல்ட் பேட்டரி வரிசை. கரண்ட் போனதும் டவர் அதில்தான் உயிர் பிடித்திருக்கும், அதுவும் சில மணித்தியாலம். பிறகு ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டீசலுக்கும் பெரும் தட்டுப்பாடு. பேட்டரி மறுபடி நிறைவதற்குள் அடுத்த வெட்டு வந்தது. யாரும் நிறுத்தவில்லை, தானாகவே அணைந்தது.

அதனால் டவர் கேட்டு மனு எழுதும்போது இடத்தை மட்டும் எழுதாமல், பேட்டரி எத்தனை மணித்தியாலம் தாங்கும், ஜெனரேட்டர் நிரந்தரமாக நிற்குமா, மழையில் சறுக்கும் தோட்டப் பாதையில் டீசல் யார் ஏற்றி வருவார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.