கீழே இருக்கும் பெண்ணை மேலே கொண்டுவா: ஒரு பேங்க் அக்காவின் டிப்ஸ்

பிராஞ்ச் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்குத்தான் இது. சீஃப் மேனேஜர், ஏஜிஎம் என்று அதற்கும் மேலே போனவர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

உன் கீழே நாலைந்து பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கெட்டிக்காரிகள். மார்ச் கடைசியில் ராத்திரி வரை உட்கார்ந்து கணக்கு முடித்துக் கொடுப்பவர்கள். ஆனால் புரமோஷன் லிஸ்ட் வந்தால் அதில் அவர்கள் பேர் இருக்காது. "அவங்களே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க மேடம்" என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு அடுத்த ஃபைலை எடுக்கிறாய். ஏன் வேணாம் என்றார்கள் என்று ஒரு நாளாவது கேட்டாயா?

நேரமில்லை, தெரியும். காலையில் ஸ்ட்ராங் ரூம் திறக்க வேண்டும், அப்புறம் வீடியோ கான்ஃபரன்ஸ், மதியம் ஆடிட்டர், சாயங்காலம் டார்கெட் கேட்டு ஸோனல் ஆபீஸ் போன். அதனால் பெரிய பேச்செல்லாம் வேண்டாம். அவள் கையில் சரியான வேலையைக் கொடு. அவள் இல்லாத கூட்டத்தில் அவள் பேரைச் சொல். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

1. முதலில் சீட்டை மாற்று

நம் பிராஞ்சுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெண் என்றால் டெபாசிட், லாக்கர், பாஸ்புக், நகைக்கடன். ஆண் என்றால் கிரெடிட், ரெகவரி. "லேடீஸ்தான் பொறுமையா கஸ்டமரைக் கவனிப்பாங்க" என்று பாராட்டு வேறு. அந்தப் பாராட்டில் மயங்கி அவள் வருஷக்கணக்காக அதே கவுன்ட்டரில் இருப்பாள். பிறகு ஸ்கேல் மூன்றிலிருந்து நாலுக்கு இன்டர்வியூ வரும். போர்டில் கேட்பதெல்லாம் வொர்க்கிங் கேப்பிட்டல், பேலன்ஸ் ஷீட், என்பிஏ. அவளுக்கு வார்த்தை வராது. அறிவுக்கு என்ன குறைச்சல்? அந்த ஃபைலை யாரும் அவள் மேஜையில் வைத்ததே இல்லை, அவ்வளவுதான்.

விஜிலென்ஸ் விதிக்காக எப்படியும் நீ சீட் ரொட்டேஷன் செய்தாக வேண்டும். அதையே இதற்கும் பயன்படுத்திக்கொள். நகைக்கடனில் இருப்பவளை லாக்கருக்கு மாற்றிவிட்டு ரொட்டேஷன் முடிந்தது என்று எழுதாதே. கிரெடிட்டுக்கு மாற்று. முதல் மாதம் தடுமாறுவாள், உனக்கும் வேலை கூடும். பொறுத்துக்கொள்.

ஜேஏஐஐபி, சிஏஐஐபி எழுதாமல் இருக்கிறாளா? விடாதே. பாஸ் செய்தால் இன்கிரிமென்ட் உண்டு என்பதை அவள் வீட்டுக்காரர் காதிலும் விழுகிற மாதிரி சொல். ஞாயிற்றுக்கிழமை படிக்க அவளுக்கு இடம் கிடைக்கும்.

2. இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போ

இதை மட்டும் செய்தால்கூட எனக்குத் திருப்தி. அரிசி மில்லுக்கோ நூல் மில்லுக்கோ ஸ்டாக் பார்க்கப் போகும்போது, ஸ்டாக் ஸ்டேட்மென்டை அவள் கையில் கொடுத்து அழைத்துப் போ. குடோன் வாசலில் டீ வரும். டீ குடித்து முடித்ததும் முன் வரிசை மூட்டைகளைக் காட்டுவார்கள். அங்கேயே நின்று எண்ணிவிட்டுத் திரும்பக் கூடாது. பின் வரிசைக்குப் போய் மூட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டும். தூசி படிந்த அடுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அது விற்காமல் கிடக்கிற பழைய சரக்கு. வங்கியின் ஹைப்பாதிகேஷன் போர்டு தொங்குகிறதா, இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கிற விலாசமும் இந்த குடோன் விலாசமும் ஒன்றுதானா, இன்னும் பணம் கொடுக்காத சரக்கைக் கழித்துவிட்டு டிராயிங் பவர் போட்டிருக்கிறார்களா என்றெல்லாம் நீ கேட்பதை அவள் பக்கத்தில் நின்று கேட்கட்டும். சர்க்குலர் படித்து இது வராது.

இரண்டு தடவை நீ செய்வதை அவள் பார்க்கட்டும். அடுத்த தடவை அவள் கேள்வி கேட்கட்டும், நீ வாயை மூடிக்கொண்டு நில். மில் முதலாளி அவளை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தே பதில் சொல்வார். "மேடம்தான் பார்க்கறாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல், போதும்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல். தோப்பைப் பார்க்க, செங்கல் சூளையைப் பார்க்க யாராவது கூட்டிப்போவார்களா என்று அவள் காத்திருந்தால், அந்த வேலை தானாகவே அடுத்த சீட் பையனுக்குப் போய்விடும்.

3. அவளுக்காக நீ முடிவெடுக்காதே

"பாவம், கைக்குழந்தைக்காரி. அவளை எதுக்கு அலைய வைக்கணும்?" நல்ல மனசோடு சொல்கிறாய், சரி. ஆனால் அவளை யார் கேட்டார்கள்? கெட்டவர்கள் தடுத்து நின்றுபோன பெண்களைவிட, இப்படி இரக்கப்பட்டவர்களால் நின்றுபோன பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கிளார்க்காக இருப்பவள் ஆபீசர் புரமோஷனை ஏன் மறுக்கிறாள்? முக்கால்வாசி டிரான்ஸ்ஃபர் பயம். அந்தப் பயத்தை அறிவுரையால் போக்க முடியாது, விவரத்தால்தான் போக்க முடியும். "எந்த ஊர்னா உனக்கு ஒத்து வரும்? வீட்டில் யார் துணைக்கு வருவாங்க? பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு எந்த வருஷம்?" என்று உட்கார வைத்துக் கேள். திருமணமான பெண்ணைக் கூடுமானவரை கணவர் இருக்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ போடும்படி 2014-லேயே மத்திய நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பலருக்கு இது தெரியாது. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வருவதற்கு முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். லிஸ்ட் வந்த பிறகு அழுதால் யூனியன்காரர்கள் வீட்டுக்கு அலைவதுதான் மிச்சம். அந்த லெட்டரை எழுத நீயே உதவி செய்.

பிரசவ விடுப்பு 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அவள் லீவில் போகும் முன்பே, திரும்பி வந்தால் எந்த சீட் என்று பேசி வைத்துவிடு. கிரெடிட்டில் இருந்து போனவள் திரும்பி வரும்போது பாஸ்புக் பிரின்டர் முன்னால் உட்கார்ந்தால், மூன்று வருஷப் பயிற்சி வீண்.

1977-ல் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா, 2013-ல் ஸ்டேட் பேங்கின் முதல் பெண் தலைவர் ஆனார். குழந்தை வளர்ப்புக்கும் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளவும் பெண் ஊழியர்கள் இரண்டு வருஷம் வரை விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பலாம் என்ற ஏற்பாடு அங்கே வந்தது அவர் காலத்தில்தான். மேலே ஒருத்தி போனால் கீழே இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்.

4. கோலம், குத்துவிளக்கு, கலெக்‌ஷன்

ரிடையர்மென்ட் விழாவுக்குப் பணம் வசூலிப்பது, சமோசா ஆர்டர் செய்வது, ஸோனல் மேனேஜர் வந்தால் பொக்கே நீட்டுவது, மகளிர் தினத்துக்கு என்ன கலர் புடவை என்று வாட்ஸ்அப்பில் கேட்டுச் சொல்வது எல்லாம் யார் தலையில் விழுகிறது? எனக்குக் கோலம் போடப் பிடிக்கும், நன்றாகவும் போடுவேன். அதற்காக ஆடிட் நாளன்று ஒரு ஆபீசரைக் கோலமாவோடு வாசலில் உட்கார வைக்க மாட்டேன். முறை வைத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடு. பையன்கள் சமோசா ஆர்டர் செய்தாலும் சமோசா வரும்.

5. ஏபிஏஆர் படிவத்தை அவளோடு உட்கார்ந்து நிரப்பு

"ஒதுக்கப்பட்ட பணிகளைச் சிறப்பாகச் செய்தேன்" என்று எழுதி நீட்டுவாள். அளவு சொல்லாத சமையல் குறிப்பு மாதிரி, அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எத்தனை வாராக்கடன் கணக்கு வசூலானது, எவ்வளவு ரூபாய், எந்த மாதம்? மாதாமாதம் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல். வருஷக் கடைசியில் யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. "நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்" என்றால், "அதுல நீ என்ன செஞ்சே?" என்று விடாமல் கேள். இன்டர்வியூவுக்கு முன்னால் பிராஞ்சின் காசா விகிதம், கிரெடிட்-டெபாசிட் விகிதம், என்பிஏ சதவீதம் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் பயிற்சி வேண்டாம், உன் முன்னால் செய்யட்டும். குறுக்கே பேசு, எரிச்சல் காட்டு. போர்டில் அப்படித்தான் நடக்கும்.

6. கஷ்டமான பிராஞ்ச் வந்தால்

இந்தியன் வங்கி பெருநஷ்டத்தில் இருந்து மீளத் தவித்துக்கொண்டிருந்த 2000-ஆம் ஆண்டில்தான் ரஞ்சனா குமார் சென்னைக்கு அதன் தலைவராக வந்தார். பொதுத்துறை வங்கி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். வங்கி லாபத்துக்குத் திரும்பியது, பிறகு அவர் நபார்டு தலைவராகப் போனார்.

அதனால் என்பிஏ நிறைந்த பிராஞ்சை அவளுக்குக் கொடுக்கிறார்கள் என்றால், உடனே "வேண்டாம்மா" என்று தடுக்காதே. வெறும் கையோடும் அனுப்பாதே. போகும் முன்பே இரண்டு கேட்க வேண்டும்: ரெகவரி தெரிந்த ஒரு ஆபீசர், குறைந்தது இரண்டு வருஷ அவகாசம். இந்த இரண்டும் கிடைக்காது என்றால் அது பொறுப்பு இல்லை, பலி. அப்போது மறுக்கச் சொல்.

7. நீ செய்யக் கூடாதவை

• "எங்க காலத்துல கம்ப்யூட்டரே கிடையாது" என்று ஆரம்பிக்காதே. கதை முடிவதற்குள் அவள் பஸ் போய்விடும்.

• நம்ம ஊர்ப் பொண்ணு, நம்ம ஆளு என்று பார்த்து ஒருத்தியை மட்டும் தூக்கிவிடாதே. பிராஞ்ச் முழுக்கக் கவனிக்கிறது. சாதி பார்த்துக் கைதூக்கிவிடுவதற்கு வழிகாட்டுதல் என்று பேர் வைக்காதே.

• அவள் உன்னிடம் சொன்ன வீட்டு விஷயம் லஞ்ச் ரூமுக்குப் போகக் கூடாது. ஒரு தடவை போனால் முடிந்தது, பிறகு உன்னிடம் எதுவும் சொல்ல மாட்டாள்.

• கஸ்டமர் முன்னால் திட்டாதே. கேபினுக்குள் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

• உன்னை மாதிரியே அவளும் அதட்டிப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்காதே. மெல்லப் பேசியே கடனை வசூலிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

• வாரம் தவறாமல் ஒரு மணி நேரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றாதே. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இருபது நிமிஷம், போனைத் திருப்பி வைத்துவிட்டு. அது போதும்.

8. தப்பாக நடந்துகொள்கிறான் என்று அவள் வந்து சொன்னால்

அங்கே அக்கா வேஷம் வேண்டாம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, ரிப்போர்ட்டைக் கெடுத்துடுவான்" என்று சொல்லிவிடாதே. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு உள்புகார் குழு இருந்தாக வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நீ யோசித்து, பேசி, சமாதானம் செய்து நாளைக் கடத்தினால் அந்தக் கெடு போய்விடும். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம்; ஆனால் அதை நம்பி உட்காராதே. குழுவில் யார் யார் என்ற நோட்டீஸ் உன் பிராஞ்ச் சுவரில் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பார்.

9. அவள் பேரைச் சொல்

ஸோனல் ஆபீஸ் ரெவ்யூவில் "எங்க பிராஞ்ச்ல ரெகவரி நல்லா இருக்கு சார்" என்கிறாய். யார் செய்தது? "அதைப் பார்த்தது இந்த ஆபீசர்" என்று பேரோடு சொன்னால் உன் நாற்காலி ஒன்றும் ஆடாது. டிரான்ஸ்ஃபர், புரமோஷன் பேச்செல்லாம் நடப்பது அந்த அறையில், அவளுக்கு அங்கே இடமில்லை, உனக்கு இருக்கிறது. அங்கே இருக்கும் பெரிய அதிகாரிகளில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அவர்களில் நல்லவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். அவளை அழைத்துப் போய் அறிமுகம் செய்துவை. உன் ஒருத்தி நிழல் அவளுக்குப் போதாது, நீயும் ஒருநாள் டிரான்ஸ்ஃபரில் போவாய்.

அடுத்த ரெவ்யூ மீட்டிங் எப்போது? ரெகவரி பகுதியை அவளையே பேசச் சொல்லிக் கூட்டிப் போ. முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் சொல்லாதே. ஃபைல் பார்க்க, புள்ளிவிவரம் எடுக்க, வீட்டில் பிள்ளைக்கு ஏற்பாடு செய்ய அவளுக்கு நாலு நாளாவது வேண்டும். இன்றைக்கே சொல்லிவிடு.