குப்பையில் பிறந்த சாலை

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் அமைந்துள்ளது புக்கிட் தெங்கா. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நிறைந்த செபராங் பிறையின் குப்பை, தெற்கே நிபோங் திபால் வட்டாரத்தில் உள்ள புலாவ் பூரோங் குப்பை நிலத்தைச் சென்றடைகிறது. 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அந்நிலம் தீப்பற்றி எரிந்தது. நாள்கணக்கில் நீடித்த புகையால் அருகில் வசித்த மக்கள் தற்காலிக நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. வீட்டை விட்டு அகன்ற குப்பை, ஊரை விட்டு அகல்வதில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

குப்பைகளுள் கையாள்வதற்கு மிகவும் கடினமானது நெகிழி. உணவுக் கழிவு சில மாதங்களில் மக்கி உரமாகும். இரும்பையும் தாளையும் விலை கொடுத்து வாங்குவோர் உள்ளனர். ஆனால், மெல்லிய நெகிழிப் பைகளையும் நொறுக்குத் தீனி உறைகளையும் வாங்குவோர் மிகக் குறைவு. அவை மண்ணில் எளிதில் மக்குவதில்லை. திறந்த வெளியில் எரித்தால் நச்சுப்புகையை வெளியிடுகின்றன. இத்தகைய கழிவுக்கு ஒரு பயனைக் கண்டறிந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், 2001ஆம் ஆண்டு வாக்கில் நெகிழிக் கழிவைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். நெகிழியும் சாலை போடப் பயன்படும் தாரும் கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பவை. ஆகவே, அவை இரண்டும் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதே அவரது ஆய்வின் அடிப்படை.

உருகிய தாரில் நெகிழியைக் கலப்பது பலருக்கும் எளிதில் தோன்றும் வழி. ஆனால், அவ்வாறு கலக்கும்போது நெகிழியின் அளவு கூடினால் அது தாரோடு சீராகக் கலக்காமல் பிரிந்துவிடும். வாசுதேவனோ வழக்கத்திற்கு மாறாகச் சிந்தித்தார். தாரைத் தொடாமல், முதலில் கல்லின்மீது கவனம் செலுத்தினார்.

அவரது முறை எளிமையானது. சேகரித்த நெகிழி தூய்மைப்படுத்தப்பட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கப்படும். சாலைக்கான சரளைக் கற்கள் ஏறத்தாழ 170 பாகை செல்சியசு வரை சூடேற்றப்படும். அச்சூடான கற்களின்மீது நெகிழித் துண்டுகளைத் தூவியதும் அவை உருகி, ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்ளும். அதன் பின்னரே கற்கள் தாருடன் கலக்கப்படும். இவ்வெப்பநிலையில் நெகிழி உருகுமே தவிர எரியாது. தார்ச்சாலை போடும் ஆலைகளில் உள்ள வழக்கமான கருவிகளைக் கொண்டே இம்முறையைச் செயல்படுத்த முடியும்.

இதனால் விளையும் நன்மை என்ன? சாலையில் குழி விழுவதற்கு நீர் ஒரு முக்கியக் காரணம். மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடும். வாகனங்கள் தொடர்ந்து செல்லும்போது பிரிந்த கற்கள் பெயர்ந்து குழி உண்டாகும். நெகிழிப் படலம் போர்த்திய கல்லில் நீர் எளிதில் புகாது. நீரை உட்புக விடாத தன்மையே நெகிழியை மண்ணுக்குப் பகையாக்குகிறது. அதே தன்மைதான் சாலைக்கு வலுவூட்டுகிறது. ஒருவழித்தடச் சாலை ஒரு கிலோமீட்டர் போடுவதற்கு ஏறத்தாழ 10 டன் தார் தேவைப்படும். இம்முறையில் அதில் ஏறக்குறைய 1 டன் தாருக்குப் பதிலாக நெகிழிக் கழிவைப் பயன்படுத்தலாம்.

2002ஆம் ஆண்டு கல்லூரி வளாகத்திலேயே இத்தகைய சாலை போடப்பட்டது. 2006இல் கல்லூரி இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றது. எனினும், வாசுதேவன் அதனைப் பெருஞ்செல்வம் ஈட்டும் வழியாகக் கருதவில்லை. இந்திய அரசு கட்டணமின்றிப் பயன்படுத்த வழிவிட்டார். தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சில, நெகிழியைச் சேகரித்து நறுக்கி விற்று வருவாய் ஈட்டின. 2015இல் சாலைப் பணிகளில் நெகிழிக் கழிவைப் பயன்படுத்துமாறு இந்திய அரசு அறிவுறுத்தியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆயினும், எல்லா நெகிழியையும் சாலையில் கொட்டிவிட முடியாது. குழாய்கள் செய்யப் பயன்படும் பிவிசி என்னும் நெகிழியைச் சூடாக்கினால் நச்சு வாயு வெளிப்படும். எனவே, அதனைத் தவிர்த்தல் கட்டாயம். மீன் கழுவிய நீரும் குழம்பும் ஒட்டிய பையைத் தூய்மைப்படுத்தக் கூடுதல் நீரும் உழைப்பும் வேண்டும். தேய்ந்த சாலையிலிருந்து நுண்நெகிழித் துகள்கள் வெளியேறுமா என்பதையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர். ஆகவே, நெகிழிச்சாலை இருக்கிறது என்பதற்காக நெகிழியின் பயன்பாட்டைப் பெருக்குவது அறிவுடைமை ஆகாது. பயன்பாட்டைக் குறைப்பதே முதற்படி. எஞ்சியதற்குப் பயன் தேடுவது அடுத்த படி.

கழிவுக்குப் பயன் தேடும் முயற்சி மலேசியாவுக்கும் புதிதன்று. செம்பனை ஆலைகளில் பழங்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் வெற்றுக் குலைகள் தோட்டங்களில் உரமாக இடப்படுகின்றன. அவ்வாலைகளின் கழிவுநீரிலிருந்து வெளிப்படும் மீத்தேன் வாயுவைச் சேகரித்துச் சில ஆலைகள் மின்சாரம் தயாரிக்கின்றன. அங்கும் கழிவு தனித்தனியாகக் கிடைப்பதால்தான் அது பயன்படுகிறது.

பினாங்கு மாநிலம் 2011 முதல் கடைகளில் இலவச நெகிழிப் பைகளை நாள்தோறும் தவிர்க்கும் நடைமுறையைக் கொண்டுவந்தது. 2016 ஜூன் மாதம் முதல் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் கொள்கையையும் அறிமுகப்படுத்தியது. மதுரை ஆய்வுக்கூடத்திற்கும் புக்கிட் தெங்காவின் ஒரு சமையலறைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் புலப்படுகிறது. சோற்றோடும் குழம்போடும் கலந்துவிட்ட நெகிழியைக் கொண்டு எந்த அறிஞராலும் எளிதில் சாலை அமைக்க முடியாது. ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பது பழமொழி. ஆனால், அத்துரும்பு குப்பையோடு குப்பையாகக் கலவாமல் இருந்தால்தான் கைக்குக் கிடைக்கும்.

கருத்துணர் வினாக்கள்

1. வாசுதேவன் கையாண்ட முறை, தாரில் நெகிழியைக் கலக்கும் முறையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. நெகிழியின் எத்தன்மை மண்ணுக்குத் தீங்காகவும் சாலைக்கு நன்மையாகவும் அமைகிறது?
3. ‘நெகிழிச்சாலை இருப்பதால் நெகிழிப் பைகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.’ இக்கூற்றை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் விளக்குக.