பதிவிறக்கிய பிறகு பணம் திரும்புமா?

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய செயலி பாதியில் நின்றுபோகிறது. டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. மனம் மாறி வேண்டாம் என்பது வேறு, பழுதானதால் வேண்டாம் என்பது வேறு. முன்னதில் விற்பவரின் விதி செல்லும். பின்னதில் அப்படி எழுதிவைத்தால் மட்டும் போதாது. பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020-இல் வந்த மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் இப்படிப் பணம் திருப்பித் தருவதில்லை என்று சொன்ன வால்வ் நிறுவனத்துக்கு 2016-இல் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதன் ஸ்டீம் தளத்தில் விற்கும் கணினி விளையாட்டுகளும் சட்டப்படி சரக்குதான் என்றது.

விளையாடி முடித்துவிட்டுப் பணம் கேட்பார்களே என்று விற்பவர்கள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் அதற்குத் தீர்வு உண்டு. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் தருவோம் என்று 2015-லேயே அறிவித்தது அதே ஸ்டீம். எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது விற்பவருக்கே தெரியும்போது, நேர்மையாக வாங்கியவரையும் சந்தேகிப்பது அநியாயம். கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே கேளுங்கள். பிறகென்றால் செயலியை உருவாக்கியவரிடம் கேட்க வேண்டும். பழுதைக் காட்டும் திரைப்பிடிப்பு, ரசீது, மறுப்புக் கடிதம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.