ஆக்டேன் எண் கூடினால் வண்டியின் வேகம் கூடுமா?

அமிர்தியைத் தாண்டி ஜவ்வாது மலை மேட்டில் ஏறும் பழைய காரில் 'டக் டக்' என்ற ஓசையைக் கேட்டிருக்கிறீர்களா? சிலிண்டரில் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்படுகின்றன. மின்பொறியால் பற்றிய தீ பரவி முடிவதற்குள், மீதிக் கலவை வெப்பம் தாங்காமல் தானே வெடித்துவிடுகிறது. அதுவே 'தட்டல்'. நீடித்தால் பிஸ்டன் பழுதாகும்.

தட்டலைத் தாங்கும் திறனே ஆக்டேன் எண். 95 என்றால், கன அளவில் 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்கு நிகர். எரிசக்தியின் அளவு அன்று! (பெரியவர்களே இதில் ஏமாறுகிறார்கள்.)

2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அழுத்த விகிதம் மிகுந்த என்ஜினுக்கு அது பயன்படும். கையேட்டில் 91 போதும் என்று எழுதியிருக்கும் காரில் ஊற்றினால், கூடுதலாக எரிவது காசுதான். மேட்டில் தட்டுகிறதா? முதலில் கியரைக் குறைக்கச் சொல்லுங்கள்.