கறுப்புக்குள் மறைந்த கட்டங்கள்
வீட்டிலேயே கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிடும் முறை

1968ஆம் ஆண்டின் சுதந்திர தின மலர்க்கண்காட்சியின்போது, லால்பாக் கண்ணாடி மாளிகையின் முன் என் அன்னையை நிறுத்தி என் தந்தையார் ஒரு படம் எடுத்தார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் தரும் 120 வகை ஃபிலிம் அது. அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அந்த நெகட்டிவ்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தன. தந்தையார் மறைந்தபின் ஒருநாள் டப்பாவைத் திறந்தபோது காடி நெடி மூக்கைத் துளைத்தது. பழைய ஃபிலிம்களின் அடிப்பொருளாகிய அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படும். அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். ஃபிலிம் சுருங்கி நெளியும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அதைத் தாமதப்படுத்தலாமே தவிர மாற்ற இயலாது.

உடனே அனைத்தையும் ஸ்கேன் செய்தேன். லால்பாக் படத்தை மட்டும் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சிட்டு வாங்கி அன்னையிடம் கொடுத்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவர் முகம் பச்சை பூத்திருந்தது. வாசலுக்கு எடுத்துச் சென்றால் அதே முகம் செம்மை கலந்து தெரிந்தது. புடவையோ ஒரே கறுப்புத் திட்டாக இருந்தது. “கட்டம் போட்ட புடவை ஆயிற்றே, கட்டம் எங்கே?” என்றார் அன்னை. திரையில் கட்டங்கள் தெரிந்தன, தாளில் இல்லை. இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப்போனதன் பயனே இக்கட்டுரை.

சாதாரண இங்க்ஜெட் அச்சுப்பொறி சாம்பல் நிறத்தைக் கறுப்பு மையால் மட்டும் உண்டாக்குவதில்லை. நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று வண்ண மைகளையும் கலந்தே பெரும்பாலும் உண்டாக்குகிறது. மூன்றில் ஒன்று சற்றே மிகுந்தாலும் சாம்பல் சாயம் ஏறிவிடும். சரியாகக் கலந்தாலும் தொல்லை தீர்வதில்லை. ஒவ்வொரு மையும் ஒவ்வொரு விளக்கொளியையும் வெவ்வேறு விதமாகத் திருப்புவதால், பகலில் நடுநிலையாக இருப்பது இரவில் பச்சையாகிறது. கட்டங்கள் மறைந்ததற்குக் காரணம் வேறு. மைத்துளி தாளில் விழுந்ததும் சற்றுப் பரவுகிறது. அதனால் கரிய பகுதிகளில் அடுத்தடுத்த இரு சாயல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இருட்டறைக் காலத்தில் இத்தகைய நுட்பங்களைக் கைவிரல் நுனியில் வைத்திருந்தவர்கள் இந்நகரில் வாழ்ந்தார்கள். 1953இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவாக முன்னின்ற டாக்டர் ஜி. தாமஸ் பெங்களூருவைச் சேர்ந்தவர். சந்தூர் அரச குடும்பத்தில் பிறந்து, கர்நாடகத்தின் நிதியமைச்சராகவும் விளங்கிய எம்.ஒய். கோர்படே, காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்றவர். (வரவு செலவுத் திட்டத்தைக் கறுப்பு வெள்ளையில் காண்பது எளிதா, சிறுத்தையைக் காண்பது எளிதா என்று அவரிடம் யாரேனும் கேட்டிருக்கலாம்!) உதகமண்டலத்தில் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இயங்கவில்லை. வீட்டில் இருட்டறை அமைக்கத் தண்ணீரும் தனியறையும் வேண்டும். எஞ்சியிருக்கும் வழி இங்க்ஜெட்தான்.

அதற்கெனவே உருவான மென்பொருள் குவாட் டோன் ரிப். அமெரிக்கரான ராய் ஹாரிங்டன் இதை எழுதினார். ‘ரிப்’ என்பது படக்கோப்பை மைத்துளிகளாக மாற்றி அச்சுப்பொறிக்குக் கட்டளையிடும் மென்பொருளுக்குரிய பொதுப்பெயர். அச்சுப்பொறி நிறுவனம் தரும் மென்பொருளை ஒதுக்கிவிட்டு, எந்த மை, எந்தச் சாயலில், எவ்வளவு விழவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க இது இடமளிக்கிறது. 2005ஆம் ஆண்டுவாக்கில் எப்சன் நிறுவனம் கறுப்பு, இளங்கறுப்பு, மிக இளங்கறுப்பு என மூன்று அடர்த்திகளில் கறுப்பு மை கொண்ட அச்சுப்பொறிகளை வெளியிட்டது. வண்ண மையைப் பெரும்பாலும் தவிர்த்து, இம்மூன்றையும் கொண்டே சாம்பல் நிறங்களை உண்டாக்குவது இம்மென்பொருளின் அடிப்படை. கறுப்பு மையின் நிறமி கரி. ஒளியால் எளிதில் வெளிறாதது. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கோன் என்பவர், வண்ண மைகளை முற்றிலும் நீக்கிவிட்டுப் பல அடர்த்திகளில் கரி மையை மட்டுமே நிரப்பும் பீசோகிராஃபி முறையை வளர்த்தெடுத்தார். அது அழகிய முறை. ஆனால் அதன்பின் அந்தப் பொறியில் வண்ணப்படம் அச்சிட இயலாது. இல்லத்திற்கு முதல் முறையே போதும் என்பது என் கருத்து.

பணம் செலவிடும் முன் ஓர் எச்சரிக்கை. இம்மென்பொருள் எல்லா அச்சுப்பொறிகளிலும் இயங்காது. குறிப்பிட்ட மாதிரிகளில் மட்டுமே இயங்கும். எப்சன் நிறுவனத்தின் ஆர்2400, ஆர்3000, 3880, பி600, பி800 போன்றவை அவற்றுள் சில. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு வாங்கிய இங்க் டேங்க் பொறியை நம்பி இதில் இறங்கவேண்டாம். மென்பொருளின் விலை சுமார் 50 டாலர். வாங்குமுன் சோதித்துப் பார்க்கலாம். வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தும்போது அட்டை மறுக்கப்பட்டால் திகைக்கவேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, தேவையான அளவுக்கு வரம்பு வைத்துச் செலுத்திவிட்டு, மீண்டும் மூடிவிடுவது நல்லது.

இனிச் செய்முறை. முதலில் மைத்துளைகள் அனைத்தும் திறந்துள்ளனவா எனச் சோதனைத் தாள் அச்சிட்டுப் பாருங்கள். மாசி, பங்குனி மாதங்களில் பெங்களூருவின் காற்று வறண்டிருக்கும். இரண்டு வாரம் சும்மா விட்டால் துளை அடைத்துக்கொள்ளும்; வாரம் ஒரு சிறு படமாவது அச்சிடுவது சிக்கனம். அடுத்துத் தாளைத் தேர்ந்தெடுங்கள். மங்கல் தாளுக்கு ஒரு கறுப்பு மை, பளபளப்புத் தாளுக்கு வேறொரு கறுப்பு மை. சில பொறிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். எனவே ஒரே வகைத் தாளில் நிலைத்திருப்பது உத்தமம்.

மென்பொருளோடு சில தாள்களுக்கான ஆயத்த வளைகோடுகள் வருகின்றன. எந்தச் சாயலுக்கு எந்த மை எவ்வளவு என்று வகுத்துரைக்கும் கணக்குக்கே வளைகோடு என்று பெயர். வெதுவெதுப்பான சாயலுக்கு ஒன்று, குளிர்ந்த சாயலுக்கு ஒன்று என இரண்டைத் தேர்ந்து விரும்பும் விகிதத்தில் கலக்கலாம். தொடங்குபவர்களுக்கு இவை போதும். என் தாளுக்கு ஆயத்த வளைகோடு இல்லாததால் நானே உண்டாக்க நேர்ந்தது. அதில்தான் கட்டங்களின் இரகசியம் இருந்தது.

முதற்படி, மையின் வரம்பைக் காண்பது. அளவீட்டு முறையில் ஒவ்வொரு மையையும் தனித்தனியே படிப்படியாக ஏற்றி அச்சிட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் மை கூடினாலும் கறுப்பு கூடாது, தாள்தான் நனையும். அந்த இடமே வரம்பு. பிறகு வெளிச்சப் பகுதியை மிக இளங்கறுப்பும், நடுப்பகுதியை இளங்கறுப்பும், நிழலைக் கறுப்பும் ஏற்குமாறு பங்கிட வேண்டும்.

இரண்டாம் படி, சமன்செய்தல். 0 முதல் 100 விழுக்காடு வரை, 5 விழுக்காடு இடைவெளியில் 21 சதுரங்களை அச்சிட்டு, ஒருநாள் உலரவிட்டு, ஒவ்வொன்றின் ஒளிர்மை எண்ணையும் அளக்க வேண்டும். முழுக் கறுப்பு 0, முழு வெண்மை 100 என்பது அளவுகோல். இதற்கு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்னும் கருவி சிறந்தது. விலை அதிகமென்பதால் நான் ஒரு நண்பரிடம் இரவல் பெற்றேன். என் மங்கல் தாளின் வெண்மை 96. அதில் கிடைத்த மிக அடர்ந்த கறுப்பு 16. வித்தியாசம் 80. இருபது இடைவெளிகளுக்கு அதைப் பகிர்ந்தால் படிக்கு 4 வீதம் இறங்க வேண்டும். அதன்படி நடுச்சதுரம் 56 காட்ட வேண்டும்; 47 காட்டியது. கடைசி மூன்று சதுரங்கள் 24, 20, 16 என இறங்க வேண்டும். 18, 17, 16 என்று நின்றன. நான்கு நான்காக வேறுபட வேண்டிய சாயல்கள் ஒன்றொன்றாக மட்டுமே வேறுபட்டால் கண் எப்படிப் பிரித்தறியும்? அன்னையின் புடவையும் அதன் கட்டங்களும் துல்லியமாக அந்த மூன்று சதுரங்களுக்குள்தான் அகப்பட்டிருந்தன.

இந்த 21 எண்களையும் வளைகோட்டுக் கோப்பில் உரிய வரியில் எழுதினால், எங்கே மை மிகுந்ததோ அங்கே மென்பொருள் குறைத்துக்கொள்கிறது. எண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே வரவேண்டும். இடையில் ஒன்று ஏறினாலும் அது மறுத்துவிடும். என் முதல் முயற்சி அவ்வாறே மறுக்கப்பட்டது. ஈரம் காயுமுன் அளந்த அவசரமே காரணம். மறுமுறை அச்சிட்டு அளந்தபோது நடுச்சதுரம் 55, கடைசி மூன்றும் 23, 20, 16. இதற்குமேல் துல்லியத்தைத் துரத்துவது தாளுக்கும் மைக்கும் கேடு.

தாள் மாறினால் இவ்வளவையும் மீண்டும் செய்ய வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. விண்டோஸ் கணினியில் படத்தை டிஃப் கோப்பாகச் சேமித்துத் தரவேண்டும். சோதனைகளுக்கு முழுத்தாளை வீணாக்காமல் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு படத்தைத் திருத்துங்கள். மிகுந்த வெளிச்சத் திரையில் சரியாகத் தெரிவது தாளில் இருண்டே வரும்.

இறுதிப் படம் உலர்ந்ததும், பின்புறத்தில் பென்சிலால் ஆண்டையும், தாளின் பெயரையும், வளைகோட்டின் பெயரையும் குறித்தேன். அன்றிரவே ட்யூப்லைட்டின் கீழ் அன்னையிடம் கொடுத்தேன். முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு புடவைத் தலைப்பின்மீது விரலை வைத்து, “முத்துக்கட்டம். அரக்கு நிறம். உன் அப்பா முதல் சம்பள உயர்வில் வாங்கியது” என்றார்.