பொங்கலுக்கு ஒரு பட்டம்: பிள்ளையோடு சேர்ந்து செய்வோம்

பொங்கல் லீவில் கடையில் ஒரு பிளாஸ்டிக் பட்டம் வாங்கிக் கொடுக்கிறோம். பின்னேரமே கிழிந்து விடுகிறது. திருத்தத் தெரியாததால் அதை வீசிவிட்டு, பிள்ளை அழுதால் இன்னொன்று வாங்குகிறோம். பழைய பத்திரிகைத் தாளில் நாமே ஒரு பட்டம் கட்டும் விதத்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம். கட்டத் தெரிந்த பிள்ளைக்குத் திருத்தவும் தெரியும்.

பட்டத்துக்குப் பெயர் போன இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறை. தோட்டத்திலிருந்து அது தூரம்தான். ஆனால் தைப்பொங்கல் இரண்டு இடத்துக்கும் பொது. பொங்கலன்று அங்கே கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். கப்பல், பறவை, விமானம் என்று பல உருவத்தில் பட்டங்கள் ஏறும். அந்தக் காலத்தில் வீசும் வாடைக்காற்று அதற்குத் துணை.

காற்றை அறிந்த ஊர் அது. அங்கு கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்துப் பட்டங்களில் ‘விண்’ என்று ஒன்று பூட்டுவார்கள். வில் மாதிரி வளைத்த தடியில் மெல்லிய பட்டியை இழுத்துக் கட்டியிருக்கும். காற்றுப் பட்டதும் அதிர்ந்து கூவும். இதையெல்லாம் சின்னவர்கள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நின்று, நூலைப் பிடித்து, பசை பூசித்தான் பழகுகிறார்கள். நாமும் சின்னதாக ஆரம்பிப்போம்.

தேவையானவை: மெல்லிய மூங்கில் சிலாகை இரண்டு (24 அங்குலம் ஒன்று, 20 அங்குலம் ஒன்று), பெரிய பத்திரிகையின் விரித்த முழுத்தாள் ஒன்று, பருத்தி நூல், ஒரு கரண்டி கோதுமை மா, வாலுக்குப் பழைய துணி.

1. மூங்கிலைப் பிளந்து சீவுவது பெரியவர் வேலை. பென்சிலில் பாதித் தடிப்பு இருந்தால் போதும்.

2. 20 அங்குலச் சிலாகையின் நடுவைப் பிள்ளையே அளந்து குறிக்கட்டும். அந்த இடத்தில் விரலில் வைத்துப் பாருங்க. ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சீவுங்க. பட்டம் நேராக நிற்பதும் ஒரு பக்கம் இழுப்பதும் இதில்தான் இருக்கிறது.

3. நீளச் சிலாகையின் மேல்நுனியிலிருந்து 6 அங்குலத்தில் மற்றதைக் குறுக்கே வைத்து இறுக்கிக் கட்டுங்க. நான்கு நுனியையும் சுற்றி நூல் ஓட்டுங்க.

4. மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிட்டால் பசை தயார். தாளைச் சட்டத்தை விட ஓர் அங்குலம் கூட வெட்டி, ஓரத்தை நூலின் மேல் மடித்துப் பிள்ளை ஒட்டட்டும். நன்றாகக் காயவேண்டும்.

5. நூலின் ஒரு முனையைச் சிலாகைகள் சந்திக்கும் இடத்திலும், மறுமுனையை நீளச் சிலாகையின் அடியிலும், தாள் உள்ள பக்கமாகக் கட்டுங்க. நடுவில் தொய்வு இருக்கட்டும். அந்தத் தொய்வில் ஒரு முடிச்சுப் போட்டு, ஏற்றும் நூலை அதில் கட்டுங்க. முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் பட்டத்தின் தலை கொஞ்சம் மேலே நிற்கவேண்டும். இந்தக் கட்டை யாழ்ப்பாணத்தில் ‘முச்சை’ என்பார்கள்.

6. அடியில் 10 அடி நீளத் துணிவால் கட்டுங்க.

முதல் தடவையே ஏறாவிட்டால் பிள்ளை கையிலிருந்து பறிக்காதீங்க. சுற்றிச் சுற்றி விழுந்தால் வாலை நீட்டச் சொல்லுங்க. மேலே ஏறாமல் பின்னுக்கே இழுபட்டால் முடிச்சைத் தலைப்பக்கம் அரை அங்குலம் நகர்த்தச் சொல்லுங்க. தாள் கிழிந்தால் ஒரு துண்டு ஒட்டினால் போதும். ஏன் விழுந்தது என்று பிள்ளையே யோசித்துத் திருத்தி, பிறகு பட்டம் ஏறும்போது வருகிற நம்பிக்கை புத்தகத்தில் கிடைக்காது.

சில விசயங்களில் கண்டிப்பாக இருக்கவேண்டும். மின்கம்பி போகும் பக்கம், ரோட்டோரம், கானோரம், சரிவு விளிம்பு ஆகிய இடங்களில் பட்டம் விடக்கூடாது. கம்பியில் சிக்கினால் நூலை விட்டுவிட்டு விலகி வரவேண்டும். தடியால் தட்டவோ, கம்பத்தில் ஏறவோ கூடாது. ஈரநூலில் மின்சாரம் பாயும். உலோகக் கம்பி, மினுங்கும் உலோகத்தாள், கண்ணாடித்தூள் பூசிய நூல் ஆகியவை வேண்டாம். மழை, இடி என்றால் உடனே இறக்குங்க.

அளவுக்கு மீறிப் பெரிதாகவும் கட்டவேண்டாம். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பலர் சேர்ந்து ஒரு பெரிய பட்டம் ஏற்றினார்கள். கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவரை அது உயரத் தூக்கிவிட்டது. அவர் உயிர் தப்பினார். நாம் கட்டும் இரண்டடிப் பட்டத்தில் அந்தப் பயம் இல்லை.

மலையில் வேலை முடிந்து வரும்போது உடம்பு அசந்துதான் இருக்கும். ஆகவே ஒரே நாளில் முடிக்கவேண்டாம். முதல் நாள் சட்டம், மறுநாள் தாள், மூன்றாம் நாள் முச்சையும் வாலும் என்று தினம் அரை மணித்தியாலம் ஒதுக்குங்க. பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆரம்பித்தால், பானை பொங்கி முடிந்த கையோடு பிள்ளையும் நீங்களும் திடலுக்குப் போகலாம்.