மன்றத்து நோட்டு

ஈஜிபுராவில் எங்கள் வகுப்பு இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்கள் திரும்பி வந்து, சமைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். வகுப்பு நடக்கும் இடம் ஒரு மன்றத்தின் அறை. வாசலில் கொடிக் கம்பம் உண்டு. சுவரில் தலைவர்கள் படம் உண்டு. சாயங்காலம் வரை கேரம் போர்டு. அதற்குப் பிறகு கரும்பலகை.

தமிழர்கள் இருக்கும் தெருக்களில் மன்றம் புதிய விஷயம் அல்ல. 1949-இல் தி.மு.க. தொடங்கிய காலத்தில் ஊர் ஊராகப் படிப்பகங்களும் மன்றங்களும் எழுந்தன. ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் அங்கே அரசியல் பேசினார்கள்.

ஒரு மழைக்கால இரவு. வகுப்பில் பாட்டியம்மா புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"என்ன பாட்டி, கண்ணாடி கொண்டு வரலையா?"

"கண்ணாடி இருக்கு கண்ணு. மனசு இல்லை. நேத்து ராத்திரி மோரித் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு. அரிசி டப்பா மிதக்குது. இதுல அ, ஆ படிச்சு என்ன பண்றது?"

கேரம் ஆடிக்கொண்டிருந்த மன்றத்துத் தம்பி திரும்பினார். "நாங்க ஆபீசுல போய் சொல்லிட்டோம் பாட்டி. பார்க்கிறேன்னு சொன்னாங்க."

"எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை.

மன்றத்தில் ஒரு பெரிய நோட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தோம். திருவிழா வசூல் ரூபாய் விடாமல் எழுதியிருந்தது. யார் 50 கொடுத்தார், யார் 100 கொடுத்தார், பந்தலுக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, எல்லாம் இருந்தது. மோரியைப் பற்றி ஒரு வரி இல்லை. அது வருடா வருடம் நிரம்பி வழிகிறது.

பாட்டியம்மா மெதுவாகச் சொன்னார். "அந்தக் குவார்ட்டர்ஸ் ஆளுங்க கதை தெரியுமா உங்களுக்கு?"

எனக்கு அரைகுறையாகத் தெரியும். அன்று பாடத்தை நிறுத்திவிட்டு அதையே பேசினோம்.

ஈஜிபுராவில் சுமார் 15 ஏக்கர் நிலம். 1990-ஐ ஒட்டிய வருடங்களில் ஏழைகளுக்காக அங்கே சுமார் 1,500 சிறிய வீடுகள் கட்டினார்கள். கட்டடம் உறுதியாக இல்லை. பிறகு சில பகுதிகள் இடிந்து விழுந்தன. வீட்டை இழந்தவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு இருந்தார்கள். அந்த நிலத்தில் ஒரு பகுதியில் ஏழைகளுக்குப் புது வீடும், மறு பகுதியில் வணிக வளாகமும் கட்டுவதாக மாநகராட்சி ஒரு தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது.

2013 ஜனவரி மூன்றாம் வாரம். நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் காவலோடு இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. சில நாட்களில் எல்லாம் தரைமட்டம். சுமார் 5,000 பேர் வீதிக்கு வந்தார்கள். தமிழ் பேசுபவர்கள், தலித்துகள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். ஜனவரிக் குளிரில் குழந்தைகளோடு நடைபாதையில் படுத்தார்கள். சங்கங்களும் மாணவர்களும் வந்து கூட நின்றார்கள். போராட்டம் நடந்தது. கைதும் நடந்தது. சில குடும்பங்கள் பல வருடம் அந்த நடைபாதையிலேயே இருந்தன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். புது வீடு என்று சொன்னது யாருக்கு? முதலில் வீடு ஒதுக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தவர்களுக்கு. ஆனால் அங்கே இருந்த பலர் வாடகைக்கு வந்தவர்கள். சிலர் முதல் சொந்தக்காரரிடம் பணம் கொடுத்து வாங்கியவர்கள். பல வருடம் இருந்தார்கள். ஓட்டும் போட்டார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. அவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

"காகிதம் இருந்தவங்களுக்கு மட்டும் எல்லாம் நல்லா நடந்துச்சா?" என்று இட்லிக்கடை அக்கா கேட்டார்.

அதுவும் இல்லை. அவர்களும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். காகிதம் கையில் இருந்தால் சண்டை போட ஒரு பிடி இருக்கும், அவ்வளவுதான். அது இல்லாதவர்களுக்கு அந்தப் பிடியும் இல்லை.

அன்று இரவே அர்ஜி எழுதுவது என்று முடிவானது. உடனே சண்டையும் வந்தது. மன்றத்துத் தம்பி, "எங்க கட்சி லெட்டர்பேடுல எழுதலாம், தலைவர் படம் இருந்தா மதிப்பாங்க" என்றார். ஆட்டோ ஓட்டும் அண்ணன் எழுந்துவிட்டார். அவர் வேறு கட்சி. "அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கட்சியில் இருப்பது தவறா? இல்லை. தெருவுக்கு வேலை நடக்கக் கட்சிக்காரர்கள் பலர் உழைத்திருக்கிறார்கள். ஆனால் மோரித் தண்ணீர் கட்சி பார்த்து வீட்டுக்குள் வருவதில்லை. லெட்டர்பேடில் எழுதினால் ஒரு கட்சியின் பத்துக் கையெழுத்து கிடைக்கும். வெறும் தாளில் எழுதினால் அறுபது கிடைக்கும். கடைசியில், 'இந்த கிராஸில் குடியிருக்கும் மக்கள்' என்று போட்டோம். தம்பிக்கு முகம் வாடியது. ஆனாலும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்க நடந்தவர் அவர்தான்.

பத்தாவது படிக்கும் ஒரு பெண் கன்னடத்தில் எழுதினாள். ஆபீசுக்கு அதுதான் வசதி. தமிழ் நகலை மன்றத்து நோட்டில் எழுதி வைத்தோம். பாட்டியம்மா கைநாட்டு வைக்கவில்லை. நான்கு எழுத்தில் தன் பெயரை எழுதினார். அதற்கு ஐந்து நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

முன்பெல்லாம் கவுன்சிலர் வீட்டுக்குப் போய்ச் சொல்வோம். பெங்களூர் மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு பல வருடம் தேர்தல் நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. கதவைத் தட்ட ஆள் இல்லாத காலத்தில் ஃபைல்தான் நமக்குக் கதவு.

வார்டு கமிட்டி என்று ஒன்றும் உண்டு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் அது வேண்டும் என்று சொல்கிறது. மாநகராட்சி ஒன்றாக இருந்தபோது, கமிட்டியின் பத்து உறுப்பினரில் குறைந்தது மூவர் பெண்கள், இருவர் தலித் அல்லது பழங்குடியினர், இருவர் குடியிருப்போர் சங்கத்தினர் என்று சட்டம் இருந்தது. நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அர்ஜி கொடுக்க நாங்கள் ஆறு பேர் போனோம். இரண்டு பிரதி கொண்டு போனோம். அங்கே இருந்தவர், "மேஜை மேலே வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். பாட்டியம்மா நகரவில்லை. "சீல் போட்டு நம்பர் எழுதிக் குடு சாமி, போறேன்."

சீல் விழுந்தது. நம்பரும் வந்தது. தேதியும் நம்பரும் அன்றே நோட்டில் ஏறின.

பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். 2005-இல் வந்த சட்டம் இது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் கார்டைக் காட்டினால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகாவில் ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், அதுவும் 150 சொல்லுக்குள். நாங்கள் கேட்டது இதுதான்: 'எங்கள் அர்ஜி இப்போது யார் மேஜையில் இருக்கிறது? இதுவரை என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?'

சில நாளில் ஆட்கள் வந்தார்கள். பாதி மோரியைத் தூர் வாரினார்கள். வாரிய சேற்றைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் அது மறுபடி உள்ளே போகும்.

மன்றத்துத் தம்பி நோட்டைத் திறந்து அடுத்த பக்கத்தில் தேதி போட்டார். இரண்டாவது அர்ஜி. அதன் தமிழ் நகல் இது. சத்தமாகப் படியுங்கள். பிறகு கோடிட்ட இடத்தில் உங்கள் தெருவின் விவரத்தை எழுதுங்கள்.

தேதி: ........

பெறுநர்: உதவிச் செயற்பொறியாளர் அவர்கள், ........ வார்டு.

ஐயா / அம்மா,

எங்கள் ........ கிராஸில் ........ வீடுகள் உள்ளன. ........ தேதி நாங்கள் கொடுத்த அர்ஜியின் எண் ........ . மோரியில் பாதிதான் சுத்தம் ஆனது. அள்ளிய சேறு ........ நாளாகக் கரையிலேயே கிடக்கிறது. சேற்றை எடுத்துச் செல்லவும், மீதி மோரியைச் சுத்தம் செய்யவும் வேண்டுகிறோம். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
(எல்லோருடைய பெயரும் கையெழுத்தும்)